அம்மாமாரின் பின்னலுக்கு விலை போடமுதல்

தோழர்களே,

குளிர்காலச் சந்தையில் எங்கட மேசைக்கு என்ன வைக்கலாம் என்ற பேச்சு போன கூட்டத்தில் வந்தது. "அம்மாமார் சுவெட்டர் பின்னித் தருவினம். ஒண்டு 40 பவுணுக்குப் போகும். முழுக்காசும் நிதிக்கு வரும்" என்று யோசனை சொல்லப்பட்டது. கனபேர் கை உயர்த்தினார்கள். நான் உயர்த்தவில்லை. ஏன் என்று இரண்டு நிமிசத்தில் சொல்லி முடிக்க ஏலாமல் போனதால் இங்கே எழுதுறன். யோசனை சொன்ன தோழரில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கணக்கோடதான் சண்டை.

முதலில் கணக்கைப் பார்ப்பம். பின்னாதவைக்கும் விளங்கவேணும் என்பதால் மெதுவாகச் சொல்றன். பின்னலில் ஊசியில் ஏறுற ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி. நடுத்தரத் தடிப்புக் கம்பளி நூலில் 10 சென்ரிமீற்றர் அகலத்துக்கு 22 கண்ணி, 10 சென்ரிமீற்றர் உயரத்துக்கு 30 வரிசை வருது என்று வைப்பம். போடப்போறவரின் நெஞ்சுச் சுற்றளவு 92. உடம்போட இறுகாமல் இருக்க 8 கூட்டினால் 100. ஆக, உடம்பைச் சுற்றி 220 கண்ணி. கீழ் விளிம்பிலிருந்து அக்குள் வரை 40 சென்ரிமீற்றர் என்றால் 120 வரிசை. 220ஐ 120ஆல் பெருக்குங்கோ: 26,400. இரண்டு கையுக்கும் கிட்டத்தட்ட 16,000. தோளுக்கும் கழுத்துக்கும் இன்னொரு 12,500. மொத்தம் 55,000 கண்ணி.

பழகின கை நிமிசத்துக்கு 30 கண்ணி போடும் என்று எடுத்தாலும் 30 மணித்தியாலத்துக்கு மேல். மாதிரித் துண்டு பின்னிப் பார்க்கிறது, பிழைச்ச இடத்தை உருவித் திரும்பப் பின்னுறது, நூல் முனைகளைச் செருகுறது, கழுவி விரிச்சுக் காயவிடுறது எல்லாம் இதுக்கு வெளியே.

2025 ஏப்ரலில் பிரிட்டனில் 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குச் சட்டம் நிர்ணயித்த ஆகக்குறைந்த கூலி மணிக்கு 12 பவுண் 21 பென்ஸ். 30 மணித்தியாலத்துக்கு 366 பவுண் 30 பென்ஸ். நாங்கள் போட நினைக்கிற விலை 40 பவுண். நூலை யாரோ இனாமாகத் தந்ததாகவே வைத்தாலும், மணிக்கு 1 பவுண் 33 பென்ஸ் வருது. இந்தக் கூலிக்கு ஆள் வைக்கிற கடைக்கு முன்னால நாங்கள் பதாகையோட போய் நிற்போம். எங்கட மேசையில் அதுக்குப் பெயர் "நிதி சேகரிப்பு". அந்த 1 பவுண் 33 பென்ஸும் பின்னினவைக்குப் போகப் போறதில்லை.

"அவை விருப்பத்தோடதானே செய்யினம், சும்மா இருக்கிற நேரத்திலதானே பின்னினம்" என்று ஒருவர் சொன்னார். இந்த வசனம் புதிசில்லை. இதுக்கு ஒரு பழைய வரலாறு இருக்கு.

ஸ்கொட்லாந்துக்கு வடக்கே சேட்லண்ட் தீவுகள். ஃபெயர் ஐல் என்று நாங்கள் சொல்லுற வண்ணப் பின்னல் அந்தப் பக்கத்துத் தீவொன்றின் பெயரில்தான் அறியப்படுது. அங்கத்தைப் பெண்கள் முதுகில் கரிமண் கூடையைச் சுமந்துகொண்டு நடக்கிற நேரத்திலும் பின்னினார்கள். இடுப்பில் தோல் பட்டி. அதில் குதிரைமயிர் அடைச்ச, ஓட்டை போட்ட ஒரு திண்டு. ஊசியின் ஒரு முனையை அந்த ஓட்டையில் குத்தினால், நடந்துகொண்டே பின்னலாம். தோளில் ஒரு வேலை, கையில் ஒரு வேலை. ஆனால் கையில் நடந்ததை ஒருவரும் வேலையாக எண்ணவில்லை, "ஓய்வு நேரத்தில்" நடந்தது என்பதால்.

அதற்குக் கிடைத்த கூலியும் அப்பிடித்தான். வியாபாரி பின்னலை வாங்கிக்கொண்டு காசு தரமாட்டார். தன் கடைச் சாமானைத் தருவார்: தேயிலை, துணி. இல்லையென்றால் பிறகு வந்து சாமான் எடுக்க ஒரு துண்டு எழுதித் தருவார். வீட்டில் மாவு இல்லாத பெண் அந்தத் தேயிலையை அயலில் குறைஞ்ச விலைக்குக் கொடுத்து மாவு வாங்கவேணும். 1872இல் பிரிட்டிஷ் அரசு சேட்லண்டில் இதைப் பற்றி ஒரு விசாரணை நடத்தியது. பின்னின பெண்கள் தாங்களே வந்து சாட்சி சொன்னார்கள். கூலியைச் சாமானாகக் கொடுக்கிறதைத் தடுக்கும் சட்டம் 1831இலிருந்தே இருந்தது. ஆனால் அது ஆலைகளுக்கும் குறிப்பிட்ட சில தொழில்களுக்குமானது. வீட்டிலிருந்து பின்னுறவளை அது தொழிலாளியாகவே பார்க்கவில்லை. 1887இல் வந்த திருத்தச் சட்டம்தான் வீட்டில் பின்னின கம்பளிப் பொருட்களையும் உள்ளே எடுத்தது.

நூறு வருசம் கழித்து, 1972 ஒக்டோபரில், இங்கிலாந்தின் லஃப்பரோ நகரில் மான்ஸ்ஃபீல்ட் ஹோசியரி ஆலையில் தெற்காசியத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சுவெட்டர் பின்னும் இயந்திரங்களை இயக்கிற கூடின கூலி வேலை வெள்ளையருக்கு. எங்கட நிறத்தவைக்குக் கீழ்வேலை. அதுக்கெதிராகத்தான் வெளியே வந்தார்கள். அவர்களின் தொழிற்சங்கமே பக்கத்தில் நிற்கத் தயங்கியது. சங்க அலுவலகத்துக்குள் போய் உட்கார்ந்த பிறகுதான் வேலைநிறுத்தம் அங்கீகரிக்கப்பட்டது. சேட்லண்டில் பின்னல் கூலியே இல்லாத "பொழுதுபோக்கு". லஃப்பரோவில் அதே பின்னல் நல்ல கூலி வேலை, அதனாலேயே எங்களுக்குக் கதவு மூடி. ஒரே தொழில் எப்ப வேலையாகுது, எப்ப வேலையில்லாமல் போகுது என்பதைச் செய்யிறவர் யார் என்பதே தீர்மானிக்குது. இந்த வரலாற்றை வாசிப்பு வட்டத்தில் படிக்கிற நாங்கள், எங்கட சொந்த மேசையில் அம்மாமாரின் 30 மணித்தியாலத்தைப் பூச்சியமாக எழுதக்கூடாது.

அப்ப பின்னலை விட்டிடுவமோ? இல்லை. இன்னும் கனபேர் பின்னவேணும், முக்கியமாக எங்கட ஆண் தோழர்கள். ஆனால் ஒரு வேண்டுகோள். கூட்டத்தில் கை சும்மா இராமல் முடிவில்லாத ஸ்காஃப் பின்னுறதோட நிற்காமல், ஒருவருக்குப் பொருந்துற உடுப்பாகப் பின்னப் பழகுங்கோ. ஸ்காஃபுக்கு அளவு தேவையில்லை. சுவெட்டருக்கு ஒரு உண்மையான உடம்பு தேவை.

கடைச் சுவெட்டர் ஒரு மாதிரி உடம்பிலிருந்து ஸ்மோல், மீடியம், லார்ஜ் என்று பெருக்கப்படுது. நெஞ்சு பெரிசென்றால் தோளும் அகலம், கையும் நீளம் என்று அது தானே முடிவெடுக்கும். எங்கட அம்மாமாரைப் பாருங்கோ. நெஞ்சுக்குச் சரியான சுவெட்டர் எடுத்தால் கை விரல் நுனி மட்டும் தொங்கும். அதை இரண்டு மடிப்பு மடிச்சுவிட்டுத்தான் பாத்திரம் கழுவுவினம். நாள் முழுக்கச் சக்கர நாற்காலியில் இருக்கிறவருக்கு முன்பக்கம் கட்டையாகவும் பின்பக்கம் நீளமாகவும் இருந்தால்தான் மடியில் சுருளாது, முதுகும் குளிராது. பைண்டர் போடுற தோழருக்கு நெஞ்சளவு போன வருசத்து அளவில்லை. கடை இவைக்கெல்லாம் சொல்றது ஒண்டுதான்: உன்ர உடம்பு பிழை. கையால பின்னுறவருக்கு அப்பிடிச் சொல்ல வழியில்லை. அளவு நாடாவை எடுத்து, அந்த ஆளிட்டக் கேட்டு, அளக்கவேணும்.

வேலையைத் தொடங்க மாதிரித் துண்டு முக்கியம். சலிப்பான வேலை என்று எல்லாரும் அதைத் தாண்டப் பார்ப்பினம். 15 சென்ரிமீற்றர் சதுரமாவது பின்னி, சுவெட்டரை எப்படிக் கழுவுவீங்களோ அப்பிடியே கழுவிக் காயவிட்டு, நடுவில் 10 சென்ரிமீற்றருக்கு எத்தனை கண்ணி என்று எண்ணுங்கோ. மேலே சொன்ன 220 கண்ணியை, 22க்குப் பதிலாக 20 வருகிற தளர்ந்த கையால பின்னினால் சுற்றளவு 110 ஆகும். அதே நூல், அதே ஊசி, 10 சென்ரிமீற்றர் பெரிசு. எந்தப் பத்திரிகை வடிவமைப்பும் உங்கட கையை அறியாது.

அளவு தெரிஞ்சால் மிச்சம் விகிதக் கணக்கு. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவின் விஸ்கான்சினில் வாழ்ந்த எலிசபெத் சிம்மர்மன் இதை எல்லாருக்கும் எளிதாக்கினார். உடம்புச் சுற்றின் கண்ணி எண்ணிக்கை 100 வீதம் என்றால், மணிக்கட்டுக்கு 20, மேல்கைக்கு மூன்றிலொரு பங்கு, ஒவ்வொரு அக்குளுக்கும் 8, கழுத்துக்கு 40 வீதம். எங்கட 220க்கு மணிக்கட்டு 44, மேல்கை 73, அக்குள் 18, கழுத்து 88. தடிச்ச கையென்றால் மேல்கையைக் கூட்டுங்கோ. விகிதம் தொடக்கப் புள்ளி, சட்டமில்லை. பார்பரா வோக்கர் 1972இல் மேலிருந்து கீழே பின்னுற முறைக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். கழுத்தில் தொடங்கிக் கீழே இறங்குற இந்த முறையில், பின்னப் பின்னவே போட்டுப் பார்க்கலாம். பிள்ளை வளர்ந்தால் கைமுனையை உருவி, இன்னும் நாலு விரல்கடை நீட்டலாம்.

புதிதாகத் தொடங்குறவை கையில்லாச் சுவெட்டரில் தொடங்குங்கோ. 16,000 கண்ணி, அதாவது ஒன்பது மணித்தியாலம் மிச்சம். கவனிக்கவேண்டிய இடம் கைக்குழி ஓரம். அங்கே விளிம்புப் பட்டிக்குக் கண்ணி எடுக்கும்போது நாலு வரிசைக்கு மூன்று என்ற அளவில் எடுத்தால் படிஞ்சு இருக்கும். கூடினால் அலையலையாக விரியும், குறைஞ்சால் சுருங்கி அக்குளை வெட்டும்.

இப்பிடிக் கண்ணி எண்ணிப் பழகினவருக்குக் கடைச் சுவெட்டரும் வேறமாதிரித் தெரியும். "மெஷின் பின்னினது" என்று நாங்கள் சொல்றதில் துண்டுகளைத்தான் இயந்திரம் பின்னுது. கழுத்துப் பட்டியை உடம்போட சேர்க்கிற லிங்கிங் வேலையில், வட்டத்தட்டில் இருக்கிற ஊசிமுனைகளில் ஒவ்வொரு கண்ணியாகக் கோர்க்கிறது ஒரு மனிதர். கண்ணைத் தின்னுற வேலை. வங்காளதேசத்தில் ஆயிரக்கணக்கானோர் இதைச் செய்யினம். 20 பவுண் சுவெட்டரின் கழுத்தைத் திருப்பிப் பாருங்கோ. அந்தத் தையல் வரியில் ஒருவரின் கண் இருக்கு. 2013இல் ராணா பிளாசா இடிஞ்சு 1,100க்கு மேற்பட்ட ஆடைத் தொழிலாளர்கள் செத்த பிறகு நாங்கள் எல்லாரும் கோசம் போட்டனாங்கள். அந்தக் கோசத்துக்குப் பின்னால் இருக்கிற மணித்தியாலத்தைக் கைவிரலால் அறியிறதுக்குப் பின்னலை விட நல்ல பாடசாலை எனக்குத் தெரியாது.

ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும்: 366 பவுணுக்கு யார் வாங்குவினம்? பணக்காரர் மட்டும்தான். சரி. அதனாலதான் இதை விக்கவேண்டாம் என்கிறன். விலைச்சீட்டு போட்டால் கைப்பின்னல் ஒன்றில் பணக்காரரின் ஆடம்பரமாகும், இல்லையென்றால் பின்னினவரின் மலிஞ்ச உழைப்பாகும். இன்னொரு கேள்வி: அப்ப மேசையில் வைக்கிற றோலும் வடையும்? அதுவும் இதே கணக்குத்தான். அதையும் ஒருநாள் பேசவேணும்.

கூட்டத்துக்கு என் மாற்று யோசனைகள் இவை.

ஒன்று: சந்தை மேசையில் சுவெட்டர் விற்கிற முடிவைத் திரும்ப எடுப்பம்.

இரண்டு: அதுக்குப் பதிலாக மாதம் இரண்டு பின்னல் வகுப்பு. படிப்பிக்கிறது அம்மாமார். அவைக்கு மணிக்கூலி நிதியிலிருந்து, சட்டக் கூலிக்குக் குறையாமல். "எங்களுக்கு எதுக்குப் பிள்ளை காசு" என்று சொல்லுவினம். ரெண்டாம் முறையும் நீட்டுங்கோ.

மூன்று: படிக்கிறவை பின்னுறதை, புகலிடம் கேட்டு விடுதிகளில் இருக்கிற எங்கட தோழர்களுக்குக் கொடுப்பம். ஆனால் முதலில் போய் அளவு எடுத்து, நிறமும் கேட்டு. அவைக்கு மூட்டை மூட்டையாக வருகிற உடுப்பில், அவையின் அளவைக் கேட்டு வந்தது எத்தனை என்று அவையிட்டயே கேட்டுப் பாருங்கோ.

நாலு: ஒவ்வொரு உடுப்பின் உள்பக்கத்திலும் ஒரு சின்னத் துணித்துண்டு தைப்பம். அதில் பின்னினவர் பெயரும் மணித்தியாலமும். விலை இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒரு வேலை செய்துகொண்டு வாங்கோ. உங்கட வீட்டில் அம்மாவோ மாமியோ பின்னின உடுப்பு ஒன்று இருந்தால், 10 சென்ரிமீற்றரில் எத்தனை கண்ணி, எத்தனை வரிசை என்று எண்ணுங்கோ. மேலே காட்டின மாதிரிப் பெருக்குங்கோ. வந்த எண்ணைப் பின்னினவரிட்டயே சொல்லுங்கோ. அவை என்ன சொல்லினம் என்பதைக் கேட்டுட்டு வந்து, 40 பவுணுக்குக் கை உயர்த்துறதோ இல்லையோ என்று முடிவெடுப்பம்.

தோழமையுடன்.