வேலிக்கள்ளியும் வெளிநாட்டுக் கள்ளியும்



பாலக்காட்டின் கிழக்கெல்லையில் உள்ள வடகரப்பதியிலிருந்து பிழைப்பு நாடிப் பட்டணம் வந்த குடும்பங்களுக்குக் கள்ளியைப் பற்றி எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வறண்ட காடுகளில் வேலியாய் நிற்கும் செடி அது. ஆனால் உங்கள் பிள்ளைகள் கைப்பேசியில் வேறொரு கள்ளியைப் பற்றி வாசிக்கிறார்கள். அதை உண்டால் வண்ணங்களும் தரிசனங்களும் தோன்றுமாம். "தேவன் படைத்த செடிதானே, ஐயா?" என்று வாதாடும் வாலிபரும் உண்டு. அரளியும் எட்டியும் அவர் படைத்தவையே!

பெயோட்டி என்னும் அக்கள்ளி, டெக்சாஸின் தென்பகுதியிலும் மெக்சிகோவின் வடபகுதியிலும் வளரும் முள்ளில்லாச் சிறு செடி. ஆர்தர் ஹெஃப்டர் என்ற ஜெர்மானிய அறிஞர் அதிலிருந்து பிரித்தெடுத்த மெஸ்கலினை 1897-ல் தாமே உட்கொண்டு, காட்சிகளுக்குக் காரணம் அதுவே என்று கண்டறிந்தார். நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப் பட்டியலில் மெஸ்கலினும் இருக்கிறது. அமெரிக்கப் பூர்வகுடிகளின் சபையொன்று அக்கள்ளியை ஆராதனையில் உட்கொள்கிறது. அச்சபை 1918-ல் பதிவானது. மூப்பர் முன்னிலையில் நடக்கும் அந்தப் பரம்பரை வழக்கத்தை, விடுதி அறையில் நண்பரோடு செய்யும் சோதனைக்குச் சாட்சியாக்குவது நியாயமன்று.

முதலில் வருவது தரிசனமல்ல, குமட்டலும் வாந்தியும். பின்பு கண்மணி விரியும். இருதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் உயரும். மயக்கம் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நீடிக்கும். திகில் பிடித்தால் நடுவில் நிறுத்த வழியில்லை. சுவர் அசைவதாய்க் காண்பவனுக்கு மொட்டைமாடியின் விளிம்பு புலப்படாது. குடும்பத்தில் மனச்சிதைவு நோய் இருந்தால், உள்ளே அடங்கியிருந்தது வெளிப்படக்கூடும். மதுவைப்போல் தினந்தோறும் இழுக்கும் அடிமைத்தனம் இதில் அரிது என்பதும் மெய்யே. அதை மறைத்துப் பயமுறுத்தினால் பிள்ளைகள் மற்றதையும் நம்பமாட்டார்கள்.

நான் அதிகமாய் அஞ்சுவது ஆள்மாறாட்டத்தை. நம் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் அந்த இனமே அல்ல. அவை ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தவை. கள்ளிப்பால் என்ற சொல்லைக் கேட்டாலே நம் தாய்மார் நடுங்குவர். அது வாயையும் குடலையும் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. ஊமத்தங்காயோ அதனினும் கொடிது. நாவுலர்ந்து, உடல் கொதித்து, ஆளறியாமல் பிதற்றி மரித்தவர்கள் உண்டு.

ஆகவே பெற்றோரே, மகன் ஓரிரவு இல்லாதவரோடு பேசினால், உடனே பிசாசு என்று தீர்த்து அறையில் பூட்டி உபவாச ஜெபத்தில் உட்காராதிருங்கள். அடிக்கவும் வேண்டாம். கண்ணில் பால் பட்டிருந்தால் சுத்தமான நீரால் நெடுநேரம் கழுவுங்கள். அரசு மருத்துவமனைக்குத் தாமதமின்றிக் கொண்டுபோங்கள். ஜெபத்தை அந்த வராந்தாவிலும் செய்யலாம். என்ன தின்றான் என்பதை மானத்துக்கு அஞ்சி மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். செடியின் துண்டு கிடைத்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். பிற்பாடு ஆலோசனை வேண்டுவோர்க்கு மத்திய அரசின் 14446 என்ற இலவசத் தொலைபேசி எண் உண்டு.