வானத்து ரேடியோவும் வேண்டாம், பட்டணத்து டிஜிட்டலும் வேண்டாம்



வளைகுடாவில் இருக்கும் பழைய மாணவன் ஒருவன் ஊருக்கு வந்து கார் வாங்கப் போகிறானாம். "சார், நம்ம நடுகாணிக்கு சாட்டிலைட் ரேடியோ சரிவருமா, டிஜிட்டல் ரேடியோ சரிவருமா?" என்று கேட்டிருந்தான். இதைக் குடும்பக் குழுவில் சொன்னால், "போன் இருக்கும்போது ரேடியோ எதுக்கு மாமா?" என்று மருமகப்பிள்ளை ஒருவர் சிரிப்புப் பொம்மை போடுகிறார். இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சாட்டிலைட். இன்று இந்தியாவில் காருக்கென்று அப்படி ஒரு சேவையே கிடையாது. விற்பவர் இருக்கிறது என்று சொன்னால் எந்த நிலையம் என்று கேளுங்கள், பேச்சு மாறிவிடும். ஒரு காலத்தில் வேர்ல்ட்ஸ்பேஸ் இருந்தது. 2000 மார்ச்சில் ஏசியாஸ்டார் செயற்கைக்கோளை ஏவினார்கள். தமிழுக்கென்றே கே.எல். ரேடியோ என்று ஒரு அலைவரிசை. விளம்பர முகம் ஏ.ஆர்.ரஹ்மான். ஒலித்தரத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆன்டெனாவைக் கிழக்கு வானம் தெரிகிற இடத்தில் திருப்பி வைக்க வேண்டும், நடுவில் மரம் மறைத்தாலே தகராறு. அமெரிக்காவில் சிரியஸ், எக்ஸ்எம் இரண்டும் கட்டடங்கள் மறைக்கும் இடங்களில் தரையிலும் கோபுரம் வைத்துச் சமாளித்தன. இங்கே அது நடக்கவில்லை. 2008-ல் தாய்க் கம்பெனி திவால், 2009 டிசம்பர் 31-ஓடு இந்தியச் சேவை நின்றது. சந்தா கட்டியவர்களிடம் மிச்சம் இருந்தது பெட்டி மட்டும். மேலிருந்து வருவதெல்லாம் ஒரே கம்பெனியின் கையில் இருந்தால், அது படுத்த அன்று நாடு முழுக்கச் சத்தம் நின்றுவிடும்.

அடுத்தது டிஜிட்டல். இதில்தான் எனக்கு உண்மையான கோபம். 2025 அக்டோபரில் டிராய் தனியார் டிஜிட்டல் வானொலிக்குப் பரிந்துரை கொடுத்தது. தொடக்கம் 13 நகரங்களில். தமிழ்நாட்டில் சென்னை மட்டும், கோயம்புத்தூர்கூட இல்லை. அப்படியிருக்க கூடலூர், தேவாலா, பந்தலூரை யார் நினைக்கப் போகிறார்கள்? நார்வேயும் மலைநாடுதான். அவர்கள் 2017-ல் தேசிய எஃப்எம் ஒலிபரப்பை நிறுத்தினார்கள், ஆனால் மலைக்கும் சுரங்கப்பாதைக்கும் டிஜிட்டல் எட்டும்படி செய்த பிறகுதான். நாம் வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கிறோம்.

வகுப்பில் சொன்னது நினைவிருக்கிறதா? 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும். ஊட்டி எஃப்எம் 101.8, அதாவது ஏறத்தாழ 3 மீட்டர். இந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். மலை குறுக்கே வந்தால் மங்கும். கோழிக்கோடு வானொலி மத்திய அலையில் 684 கிலோஹெர்ட்ஸ், 438 மீட்டர். அது தரையைத் தழுவிக்கொண்டு மேடுபள்ளம் தாண்டி வரும். நடுகாணியிலிருந்து வழிக்கடவுக்கு இறங்கும்போது வளைவுக்கு வளைவு எஃப்எம் இரைவதும் தெளிவதும் இதனால்தான். இரைந்தாலும் பாதி வார்த்தை காதில் விழும். அதே அலைவரிசையில் டிஜிட்டல் வந்தால் இரைச்சல் இருக்காது. கேட்டால் பளிங்கு, இல்லையென்றால் மௌனம். நடுவில் எதுவும் கிடையாது.

அப்படியானால் டிஜிட்டலே கூடாதா? மத்திய அலையில் கொடுங்கள், இருகரம் நீட்டி வாங்குவோம். அகில இந்திய வானொலி (ஆகாசவாணி என்று என் வாயில் வராது) டிஆர்எம் முறையில் 30-க்கும் மேற்பட்ட மத்திய அலை ஒலிபரப்பிகளை ஏற்கெனவே நிறுவியிருக்கிறது. மாருதி, ஹூண்டாய், மகிந்திரா கார்கள் சிலவற்றில் அதை வாங்கும் ரேடியோ தொழிற்சாலையிலேயே பொருத்தி வருகிறது, பலருக்கு அது இருப்பதே தெரியாது. அந்த முறையில் ஆபத்து அறிவிப்புக்குத் தனி வசதி உண்டு. நீங்கள் வேறு நிலையம் கேட்டுக்கொண்டிருந்தாலும் எச்சரிக்கைக்குத் தானாக மாறும், எழுத்திலும் காட்டும். அரசு பணத்தைப் போட்டுவிட்டு, அதை ஊருக்குச் சொல்லாமல் விட்டதை என்னவென்று சொல்வது?

மருமகப்பிள்ளையே, இனி உங்கள் போன். 2019 ஆகஸ்ட் 8-ல் ஒரே நாளில் வயநாட்டில் புத்துமலையும் நிலம்பூர்ப் பக்கம் கவளப்பாறையும் சரிந்தன. அந்த மழையில் நம் சுரத்தையும் மண் மூடியது. 2024 ஜூலை 30-ல் முண்டக்கை, சூரல்மலை. அங்கே போனவர்களின் உடல்கள் சாலியாற்றில் நிலம்பூர் வரை வந்தன. மின்சாரம் போனால் செல்போன் கோபுரத்தின் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்? சிக்னல் இருந்தாலும் எல்லோரும் ஒரே நேரத்தில் அழைத்தால் நெரிசல். ரேடியோவுக்கு நெரிசல் இல்லை. பத்துப் பேர் கேட்டாலும் பத்து லட்சம் பேர் கேட்டாலும் ஒரே ஒலிபரப்பிதான். காய்கறி லாரி ஓட்டுபவருக்கும் பங்கு ஜீப்பில் தோட்டத்துக்குப் போகிற அக்காவுக்கும் அதற்குச் சந்தா கிடையாது, டேட்டா கிடையாது. "மேலே போகாதீர்கள், பாதை அடைப்பு" என்ற ஒரு வரி அவர்கள் காதில் விழ வேண்டும். காரில் ரேடியோவைப் பாட்டுப் பெட்டியாக மட்டும் பார்ப்பவருக்கு இது புரியாது.

ஆகவே தம்பி, சாட்டிலைட்டுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதே. 'டிஜிட்டல்' என்று விலைப்பட்டியலில் போட்டிருந்தால் டிஆர்எம்மா, மத்திய அலையில் எடுக்குமா என்று எழுதி வாங்கு. எஃப்எம்மோடு ஏஎம் கட்டாயம் இருக்க வேண்டும். புதிய தொடுதிரைப் பெட்டிகள் சிலவற்றில் அதைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுகிறார்கள். வண்டியை எடுக்கும் முன் நடுகாணி சந்திப்பிலிருந்து வழிக்கடவு வரை ஒருமுறை ஓட்டிப் பார். எந்த வளைவில் எந்த நிலையம் கேட்டது என்று கீழே எழுது. மற்றவர்களும் அவரவர் பாதையை எழுதுங்கள். சேர்த்து ஒரு மனுவாக்கி டிராய்க்கும் வானொலிக்கும் நானே அனுப்புகிறேன்.