899 ரூபாய்க்கு ஒரு ஆந்தை

மக்களே, இன்னிக்கு கொஞ்சம் கோவமா பேசப் போறேன். சின்னப் பிள்ளைங்க இருக்குற வீட்டுக்காரங்க சண்டைக்கு வரலாம், தாராளமா வாங்க :-)

விஷயம் இதுதான். மூணு வயசுலேர்ந்து ஆறு வயசு வரைக்கும் இருக்குற வாண்டுகளுக்கு ‘கிரியேட்டிவிட்டி’யை டப்பாவுல அடைச்சு விக்கிறாங்க. ஆக்டிவிட்டி கிட்னு பேரு. மாசா மாசம் வீடு தேடி வர்ற மாதிரி சந்தா கூட இருக்கு. அதை வாங்காத அப்பா அம்மா என்னமோ பிள்ளையோட எதிர்காலத்துல மண்ணள்ளிப் போட்ட மாதிரி விளம்பரம். நான் சொல்றது என்னன்னா, இந்த டப்பாவுக்குள்ள எல்லாம் இருக்கு, கிரியேட்டிவிட்டி மட்டும் கிடையாது. காசு தண்டம்ங்கிறதெல்லாம் அதுக்கு அப்புறம் வர்ற பிரச்சினை.

பி.காம் படிக்கிறவன்கிறதால முதல்ல கணக்கைப் பார்த்துடுவோம். அக்கா பொண்ணுக்கு நாலரை வயசு. அவளுக்காக அக்கா ஆன்லைன்ல ஒரு கிட் வாங்குனா, 899 ரூபாய். உள்ள என்ன? ஏழெட்டு கலர் பேப்பர், ஏற்கனவே வட்ட வட்டமா வெட்டி வச்ச ஃபோம் ஷீட், ஒரு குட்டி பசை, ஒட்டுற கண்ணு நாலு, ஐஸ் குச்சி பத்து, அப்புறம் ஒரு செய்முறைத் தாள். எங்க காலேஜ் எதிர்த்தாப்ல இருக்குற ஸ்டேஷனரி கடையில இதே சாமானுக்கு விலை கேட்டேன். 110 ரூபாய் ஆச்சு. மீதி 789 ரூபாய் டப்பாவுக்கும் விளம்பரத்துக்கும் கூரியருக்கும் லாபத்துக்கும். சரி, வியாபாரம்னா லாபம் இருக்கத்தான் செய்யும். அதுல எனக்குச் சண்டை இல்ல.

சண்டை எங்கேன்னா, அந்த டப்பா மேல போட்டிருந்த ஆந்தைப் படத்துல. செய்ய வேண்டியது அந்த ஆந்தையைத்தான். இவ ரெண்டு கண்ணை எடுத்து ஆந்தையோட வயித்துல ஒட்டிட்டா. ஏண்டின்னா, “அதுக்குப் பசிக்குது மாமா, வயிறு சாப்பாட்டைத் தேடுது”ங்கிறா. அக்கா வந்து பார்த்துட்டு, “படத்தைப் பாருடி, கண்ணு இங்கயா இருக்கு?”ன்னு பிச்சு எடுத்து மேல ஒட்டினா. ஆந்தை அச்சு அசல் டப்பாவுல இருந்த மாதிரியே வந்துடுச்சு, போட்டோவும் எடுத்தாச்சு. பிள்ளை எழுந்து போயிட்டா. கொஞ்ச நேரம் கழிச்சுப் பார்த்தா, கிட் வந்த அட்டைப்பெட்டிக்குள்ள உக்காந்து பஸ் ஓட்டிக்கிட்டிருக்கா.

அக்காவை நான் குத்தம் சொல்ல மாட்டேன். 899 கொடுத்தவங்க 899-க்கு உண்டான ஆந்தையைத்தான் எதிர்பார்ப்பாங்க. காசு கொடுத்து வாங்கின பொருளுக்கு ஒரு ‘சரியான விடை’ வந்துடுது. விடைன்னு ஒண்ணு வந்துட்டா அது விளையாட்டு இல்ல, பரீட்சை. பழைய பேப்பருக்கு அந்தத் தொல்லை கிடையாது. கிழிஞ்சா கிழிஞ்சுட்டுப் போகுது, யாருக்கும் நெஞ்சு பதறாது. சீப்பான பொருளோட பெரிய லாபமே இதுதான்னு நினைக்கிறேன். மிச்சமாகுற காசை விட, வீணாக்கலாம்ங்கிற சுதந்திரம் பெருசு.

இதைச் சொன்னா சிலர், “அதெல்லாம் வசதி இல்லாதவங்க பேசுற பேச்சு”ம்பாங்க. அரவிந்த் குப்தான்னு ஒருத்தர் இருக்கார். ஐஐடி கான்பூர்ல இன்ஜினியரிங் படிச்சவர். தீக்குச்சி, சைக்கிள் வால்வு டியூப், பழைய பேப்பர், ஸ்ட்ரா, காலி பாட்டில்னு நாம தூக்கிப் போடுறதை வச்சே ஆயுசு முழுக்க பிள்ளைங்களுக்கு பொம்மை செஞ்சு காட்டினவர். 2018-ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. அவரு என்ன வேற வழி இல்லாமலா குப்பையை எடுத்தார்?

அவ்வளவு தூரம் கூட போக வேணாம், நம்ம ஊருக்கே வருவோம். நான் ஒண்ணாங்கிளாஸ் படிச்சது அரசுப் பள்ளிக்கூடத்துல. செயல்வழிக் கற்றல் நடந்த காலம். 2003-ல சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலதுல தொடங்கி, 2007 வாக்கில் தமிழ்நாடு முழுக்க வந்த திட்டம். பாய்ல உக்காருவோம், அட்டை எடுப்போம். சுவத்தோட கீழ்ப்பாதியில கரும்பலகை, அதுல ஒவ்வொருத்தனுக்கும் ஒரு இடம். எனக்குன்னு ஒரு துண்டு சுவர்! நான் கிறுக்கினது அடுத்த நாள் வரைக்கும் அங்கேயே இருக்கும். அதைப் பார்த்துட்டு, “பிள்ளைங்களைத் தரையில உக்கார வச்சு விளையாட விடுறாங்க”ன்னு சிரிச்சுட்டு, கடன் வாங்கி இங்கிலீஷ் மீடியத்துல சேர்த்தவங்க எத்தனை பேர்! அதே ஆளுங்க இப்ப அதே விளையாட்டை டப்பாவுல காசு கொடுத்து வாங்குறாங்க. சிரிப்பு வருது, கொஞ்சம் வயித்தெரிச்சலாவும் இருக்கு.

சும்மா குறை சொல்லிட்டுப் போனா எப்படி, வீட்டுல என்ன பண்ணலாம்னு கேட்பீங்க. இந்தாங்க:

1. மஞ்சள் பேப்பர். மஞ்சத்தூளைத் தண்ணியில கரைச்சு வெள்ளைத் தாள்ல பூசி காய வைங்க. சலவை சோப்புத் தண்ணியில காது குடையுற பட்ஸைத் தொட்டு அது மேல வரைய விடுங்க. கோடு சிவப்பா வரும். சோப்பு காரம், மஞ்சள் காரத்துல சிவக்கும். பிள்ளைக்கு அது மந்திரம். கையைக் கண்ணுல வைக்காம மட்டும் பார்த்துக்கங்க.

2. உப்பு மாவு. ரெண்டு கப் மைதா, ஒரு கப் தூள் உப்பு, ஏறக்குறைய ஒரு கப் தண்ணி, ஒரு ஸ்பூன் எண்ணெய். சப்பாத்தி மாவு பதம். பீட்ரூட் சாறு ஊத்தினா கலரும் ரெடி. பாம்பு, இட்லி, பிள்ளையார் எதுவும் செய்யலாம். திங்க மட்டும் விடாதீங்க, அவ்வளவு உப்பு ஆகாது.

3. வெண்டைக்காய் அச்சு. நறுக்கித் தள்ளுற காம்புப் பக்கத்தைக் கலர்ல முக்கி தாள்ல வச்சா பூ.

4. சாக்பீஸும் தரையும். வாடகை வீட்டுச் சுவத்துல கிறுக்கினா ஓனர் அட்வான்ஸ்ல கை வைப்பார், தெரியும். சிமென்ட் தரையில வரையட்டும், ஈரத்துணியால அவங்களே துடைக்கட்டும். துடைக்கிறதும் அவங்களுக்கு விளையாட்டுதான்.

5. முடிஞ்ச மாசத்துக் காலண்டர் தாளோட பின்பக்கம். கூட ஒரு டப்பா கிரயான். 2025 செப்டம்பர் 22-லேர்ந்து கிரயானுக்கும் பென்சிலுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்துலேர்ந்து பூஜ்யம் ஆயிடுச்சு, அந்தச் சாக்கும் போச்சு :-)

மூணு வயசுக்குக் கீழே இருந்தா புளியங்கொட்டை, பட்டன், மணி எதுவும் கைக்கு எட்டக் கூடாது. வாயில போட்டு தொண்டையில சிக்கினா உயிருக்கே ஆபத்து.

இப்ப அடுத்த கேள்வி வரும். “தம்பி, நீ பேசிட்டுப் போயிடுவ. நேரத்துக்கு எங்கே போறது?” நியாயமான கேள்வி. எங்க பாடத்துல வாய்ப்புச் செலவுன்னு ஒண்ணு வரும். ஒண்ணைச் செய்யுறதுக்காக எதை விடுறோமோ அதுவும் செலவுதான். ‘செலவே இல்லாத பத்து விளையாட்டு’ன்னு பத்திரிகையில போடுறவங்க எல்லாரும் அம்மாவோட நேரத்துக்குப் பூஜ்யம் விலை போட்டுத்தான் கணக்கை முடிக்கிறாங்க. சோறாக்கி, பாத்திரம் கழுவி, வேலைக்கும் போயிட்டு வர்றவங்க கிட்ட மைதா பிசையச் சொல்றது அநியாயம். அதனால இந்தப் பட்டியலை அப்பாக்களுக்குத்தான் கொடுக்குறேன். மாமா, சித்தப்பா, தாத்தா எல்லாரும் வாங்க. கிரிக்கெட் மேட்ச் பார்க்குற நேரத்துல பாதி போதும்.

அதுவும் கூட உக்காந்து கத்துக் கொடுக்கணும்னு அவசியமில்ல. சாமானைக் கொடுத்துட்டு பக்கத்துல இருந்தா போதும். “இது என்ன? யானைக்கு அஞ்சு காலா?”ன்னு திருத்தாம இருக்கணும். இதுதான் கஷ்டம், மத்ததெல்லாம் சுலபம். போனைக் கொடுத்தா வேலை சுலபமா முடிஞ்சுடும்ங்கிறீங்களா? ரெண்டுலேர்ந்து நாலு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல திரை வேண்டாம், குறைஞ்சா இன்னும் நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2019-லயே சொல்லியாச்சு.

எனக்கு நிஜமாவே பயமா இருக்குறது இதுதான்: நாலு வயசுலேயே “இது சரியா இருக்கா?”ன்னு நம்ம மூஞ்சியைப் பார்த்துக் கேட்டுப் பழகுற பிள்ளை, இருபது வயசுலயும் அதையேதான் கேட்கும். என் கிளாஸ்ல வந்து பாருங்க. புத்தகத்துல இல்லாத ஒரு கணக்கைப் போட்டா, அறுபது பேரும் பேனாவைக் கீழே வச்சுட்டு, “சார், இது சிலபஸ்ல இருக்கா?”ங்கிறோம்.

அதனால சந்தாவை நிறுத்துங்க. இந்த ஞாயித்துக்கிழமை ஒரு பழைய காலண்டரைத் தரையில விரிங்க. பிள்ளை எதை வரைஞ்சாலும், ஆந்தைக்கு வயித்துல கண்ணு இருந்தாலும், வாயை மூடிக்கிட்டு பாருங்க. அவ்வளவுதான்.