சிரித்த முகமும் தனித்த மனமும்

அந்நியர் முகம் கண்டு குழந்தை அஞ்சுவதும் அன்னையின் சேலைத் தலைப்பைப் பற்றுவதும் இயல்பு. ஏறக்குறைய எட்டாம் மாதத்திலே தோன்றும் இவ்வச்சத்தை உளநூலார் வளர்ச்சியின் அடையாளமாகக் கொள்வர். ஆசிரிய கலாசாலையிலே நாம் பாடமாக்கிய செய்தி இது. ஆயின் மனிதர்மேல் அச்சம் மிகக் குறைந்தவராய் வளரும் பிள்ளைகளும் உளர் என்பதை அங்கே எமக்கு எவரும் கூறினாரல்லர்.

சில ஆண்டுகளுக்கு முன் எமது வகுப்பிலே ஒரு சிறுவன் இருந்தான். காலையில் வாயிலில் நின்று வருவோர் போவோர் அனைவரையும் நலம் விசாரிப்பான். கல்விக் கந்தோரிலிருந்து வந்த அதிகாரியின் கையைப் பற்றி, வீட்டில் அம்மா சுகமோ என்று கேட்டவன் அவன். தேவாரத்தை இருமுறை கேட்டாற் பண் பிசகாது பாடுவான். ஆனாற் சதுரம் ஒன்றை வரையச் சொன்னால் நான்கு கோடுகளும் நான்கு திசையிற் கிடக்கும். சட்டைப் பொத்தானும் சப்பாத்துக் கயிறும் அவனுக்குப் பெரும் பகை. இத்துணை அழகாகப் பேசுபவன் கணக்கிற் பூச்சியம் பெறுவதேன்? சோம்பலே என்று முடிவு செய்தோம். ‘வாயாடி, முயற்சி போதாது’ என்று தவணை அறிக்கையில் எழுதியது எமது கைதான். இன்று நினைப்பினும் நெஞ்சு கூசுகின்றது. பின்னர் இருதயத்திலே வேற்றொலி கேட்டு வைத்தியர்கள் ஆராய்ந்தபோதே அவனுக்குள்ளது ‘வில்லியம்ஸ் சிண்ட்ரோம்’ எனத் தெரியவந்தது.

1961 இல் நியூசீலாந்திலே வில்லியம்ஸ் என்னும் வைத்தியரும், அடுத்த ஆண்டு ஜேர்மனியிலே பொய்ரன் என்பவரும் விவரித்த குறைபாடு இது. ஏழாம் நிறமூர்த்தத்தின் ஒரு பிரதியிலே, இருபத்தைந்துக்கு மேற்பட்ட பரம்பரையலகுகளைக் கொண்ட சிறு துண்டொன்று அற்றுப்போவதே காரணம். பெரும்பாலும் இது தற்செயலாய் நேர்வது. பெற்றோர் வழி வருவது அரிது. ஆகவே தாயின் சாதகத்தையும் தந்தையின் வினையையும் ஆராய்வோர் சற்று வாய் மூடியிருத்தல் நன்று. 7,500 முதல் 20,000 வரையான பிறப்புகளுக்கு ஒன்று எனக் கணிக்கின்றனர்.

இப்பிள்ளைகளின் உள்ளம் விந்தையானது. மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் பகுதி, சினந்த முகங்களைக் காணும்போது ஏனையோரிற் போல் எழுவதில்லை; அபாயமான காட்சிகளைக் காணும்போதோ அளவுமீறி எழுகின்றது. 2005 இல் வெளிவந்த ஆய்வொன்று இதனைக் காட்டிற்று. எமது மாணவனும் எந்த மனிதருக்கும் அஞ்சான். பாடசாலை மணிக்கு அஞ்சிக் காதைப் பொத்துவான். திருவிழா வெடியை எண்ணி ஒரு கிழமைக்கு முன்னரே உறக்கம் இழப்பான் என அவன் தாயார் கூறினார்.

அவனுக்கு நண்பர் பலர் என்றே எண்ணியிருந்தோம். இடைவேளையிற் கவனித்துப் பார்த்தபோது உண்மை வேறாயிருந்தது. அவன் பாடினாற் கூட்டம் கூடும். பாட்டு முடிந்தாற் கூட்டமும் கலையும். கேட்ட கேள்வியையே மீண்டும் கேட்பான்; மற்றவன் முகத்திலே தோன்றும் சலிப்பை அறியான்; விளையாட்டிலே தன் முறைக்குக் காத்திரான். பழக்கத்தைத் தொடங்க வல்லவனுக்கு அதனை நிலைநிறுத்தத் தெரியவில்லை.

கள்ளமற்ற பிள்ளைக்கு ஐயத்தைக் கற்பிப்பது பாவம் என்றார் எம்முடன் கற்பித்த ஒருவர். நாம் உடன்படோம். வீதியால் அழைப்பவர் எவருடனும் செல்லும் பிள்ளையைக் கள்ளமற்றவன் என்று புகழ்ந்துவிட்டுக் கைவிடுவதுதான் பாவம். அகரம் கற்பிப்பதுபோல இதனையும் கற்பித்தல் வேண்டும்: யாரைக் கட்டியணைக்கலாம், யாருக்குத் தள்ளிநின்று கைகூப்பினாற் போதும் என்பதை நாடகமாக நடித்தும் பாட்டாகப் பாடியும் நாள்தோறும் பழக்கலாம். படத்தினும் சொல்லும் இசையும் அவனுக்கு எளிதிற் பற்றும். மணி அடிக்குமுன் அவனுக்கு அறிவித்தால் அரைப்பங்கு அழுகை இல்லாதொழியும். ஏனைய பிள்ளைகளுக்கும் பாடமுண்டு. அவனோடு விளையாட இருவரை நாம் பழக்கியபோது அவ்விருவரும் எம்மிலும் பொறுமையுடையோராய் இருந்தனர்.

ஐந்தாந்தரப் புலமைப்பரிசிலை நோக்கி ஓடும் எமது பாடசாலைகளிலே இத்தகையோருக்குக் கிடைப்பது பின்வாங்கு. ஜூபிலியை முன்னிட்டு மண்டபமும் விளையாட்டரங்கும் அமைக்க எண்ணும் பழைய மாணவர்களிடம் ஒன்று கேட்கின்றோம்: சுற்றுவட்டாரத்துச் சிறு பாடசாலைகளுக்கு, விசேட கல்வியிற் பயிற்சிபெற்ற ஓர் ஆசிரியரைக் கிழமையில் இரு நாளாயினும் அனுப்ப உதவுவீர்களா? மண்டபத்திலே பெயர் பொறிக்கலாம். இதிலே பொறிக்க இடமில்லை என்பதை ஒப்புக்கொள்கின்றோம்.

அச்சிறுவன் இப்போது இளைஞன். சென்ற தைப்பொங்கலன்று கோயில் வீதியிலே எம்மைக் கண்டு ஓடிவந்து கட்டிக்கொண்டான். எம்மருகே நின்ற நண்பரைப் பார்த்து ஓரடி பின்வாங்கிக் கைகூப்பினான். பின் எம் காதருகே குனிந்து, இவர் யார் என்று கேட்டான்.