1983 மாடலுக்குக் காத்திருந்தவர்கள்

"புது மாடல் வந்த முதல் வருடம் வாங்காதே; அடுத்த வருட மாடலுக்குப் பொறு." அமெரிக்காவில் ஸ்போர்ட்ஸ் கார் வாங்க நினைக்கும் எவருக்கும் முதலில் கிடைக்கும் அறிவுரை இதுதான். கார் பத்திரிகைகளிலும் நுகர்வோர் ஆலோசனைக் கட்டுரைகளிலும் வருடக்கணக்காக இதே வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது. படிப்பவர் தலையாட்டுகிறார், முன்பதிவைத் தள்ளிப்போடுகிறார். இந்த வாக்கியம் இத்தனை காலம் கேள்வி கேட்பாரின்றி உலவுவது எனக்கு எரிச்சலூட்டுகிறது. குடும்பத்துக்கு வாங்கும் வண்டிக்கு இது ஓரளவு பொருந்தலாம். இந்த வருடம் டொயோட்டா கேம்ரி வாங்காவிட்டால் அடுத்த வருடமும் கேம்ரி இருக்கும், ஏறக்குறைய அதே வண்டியாக. ஸ்போர்ட்ஸ் கார் அப்படிப்பட்ட சரக்கு அல்ல. குறைந்த எண்ணிக்கையில் தயாராகி, குறைந்த பேரால் வாங்கப்படுவது அது. அரசு விதி இறுகினாலும், பெட்ரோல் விலை ஏறினாலும், நிறுவனத்தின் தலைமை மாறினாலும் கத்தி முதலில் விழுவது அதன் கழுத்தில்தான். அடுத்த வருடம் இன்னும் நல்லதாக வரும் என்ற உறுதியை இப்படிப்பட்ட வண்டிக்கு யாராலும் தர முடியாது. பொறு என்பவர்கள் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் இது விளங்கும்.

முதல் காரணம், முதல் வருட வண்டியில் கோளாறு இருக்கும் என்பது. இருக்கும்தான். ஆனால் அதற்கு என்ன ஆகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2020 மாடலாக வந்த எட்டாம் தலைமுறை செவ்ரலே கார்வெட்டில், இன்ஜின் ஓட்டுநருக்குப் பின்னால் போய்விட்டதால் முன் மூடிக்கு அடியில் சாமான் வைக்கும் இடம் அமைந்தது. மூடியைச் சரியாக அடைக்காமல், எச்சரிக்கையையும் கவனிக்காமல் கிளம்பினால், வேகத்தில் காற்று அதைத் தூக்கி ஓட்டுநரின் பார்வையை மறைத்துவிடும். அந்த வருடமே ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளைத் திரும்ப அழைத்து மென்பொருளை மாற்றியது. மூடி திறந்திருந்தால் வண்டி மணிக்குச் சுமார் 42 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி செய்தார்கள். உரிமையாளருக்குச் செலவில்லை, அமெரிக்கச் சட்டப்படி பாதுகாப்புக் குறையை இலவசமாகத் திருத்தித்தருவது தயாரிப்பாளரின் கடமை. மற்றக் கோளாறுகளுக்கு மூன்று வருடம் அல்லது 36,000 மைல் வாரண்டி இருந்தது. ஆக, பொறுத்திருந்தவருக்கு வந்த திருத்தம் பொறுக்காதவருக்கும் வந்து சேர்ந்தது. அப்படியானால் 2021 மாடலில் புதிதாக என்னதான் இருந்தது? முன் கண்ணாடி வழியே டேஷ்போர்டின் ஓரத்தில் தெரியும் பதினேழு இலக்க அடையாள எண்ணில் பத்தாவது இடத்தைப் பாருங்கள். 2020 வண்டியில் அங்கே 'எல்' என்ற எழுத்து, 2021 வண்டியில் 'எம்'. கென்டக்கி மாநிலத்து பௌலிங் கிரீன் ஆலை அதுவே, 6.2 லிட்டர் வி8 இன்ஜின் அதுவே. எட்டு கியர் டூயல் கிளட்ச் பெட்டியும் அதுவே. கூடுதலாகக் கிடைத்தவற்றில் குறிப்பிடத்தக்கவை இரண்டு புது வண்ணங்கள், வயர் இல்லாமல் இணையும் ஆப்பிள் கார்ப்ளே, ஆண்ட்ராய்ட் ஆட்டோ, சஸ்பென்ஷனைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு சலுகை, இவ்வளவே. ஒரு முழுக் கோடையை விட்டுக்கொடுப்பதற்கு இவை ஈடாகாது.

இரண்டாவது காரணம், அடுத்த வருடம் இன்ஜினின் சக்தி கூடும் என்பது. இதற்கு எல்லோரும் காட்டும் சாட்சி டொயோட்டா சூப்ரா. 2020 மாடல் அமெரிக்காவில் 335 குதிரைத்திறனோடு வந்தது; 2021 மாடல் 382. முதல் வருடம் வாங்கியவர்கள் மனம் நொந்தார்கள், அது உண்மை. ஆனால் அதே சூப்ராவில் மேனுவல் கியர் வந்தது 2023 மாடலில். 2021ஐ வாங்கியவரும் அவசரக்காரர் ஆகிவிட்டாரே! இந்தக் கணக்கின்படி யார்தான் சரியான வருடத்தில் வாங்கியவர்? மாஸ்டா எம்எக்ஸ்-5 இன்னும் தெளிவான பாடம். நான்காம் தலைமுறை வண்டி அமெரிக்காவுக்கு 2016 மாடலாக 155 குதிரைத்திறனோடு வந்தது. அது 181 ஆனது 2019 மாடலில். முதல் வருடம் வேண்டாம் என்று ஒதுங்கி 2017ஐ வாங்கியவருக்கு அதே 155தான் கிடைத்தது. மேம்பாடு வரும், ஆனால் எந்த வருடம் வரும் என்பதை அறிவுரை சொல்பவர் அறியார். அலை ஓய்ந்த பிறகு கடலில் குளிக்கலாம் என்று கரையில் நிற்பவரைப் போல நிற்க வேண்டியதுதான். மேம்படுத்திக்கொண்டே போவது தயாரிப்பாளரின் தொழில். அதற்கு ஒரு முடிவு வரும் என்று எண்ணுவதே பிழை.

இந்த அறிவுரையின் அடியில் ஒரு பெரிய அனுமானம் கிடக்கிறது: காலம் போகப் போக ஸ்போர்ட்ஸ் கார் மேம்படும், மேம்படாவிட்டாலும் குறைந்தபட்சம் இருக்கும். வரலாறு இதை அடியோடு மறுக்கிறது, அதைத்தான் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. 1974 கார்வெட்டில் 454 கன அங்குல, அதாவது 7.4 லிட்டர், பெரிய வி8 இன்ஜின் கிடைத்தது. 1975க்குப் பொறுத்தவருக்கு அது இல்லை. அந்த இன்ஜினையே எடுத்துவிட்டார்கள். 1975இன் அடிப்படை இன்ஜின் 165 குதிரைத்திறன். எழுபதுகளில் அளக்கும் முறை மாறியதால்தான் எண் குறைவாகத் தெரிகிறது என்று ஒரு பதில் வரும். முறை மாறியது 1972இல். புது முறையில் அளந்தே 1972 கார்வெட்டின் அடிப்படை இன்ஜின் 200 காட்டியது. ஒரே அளவுகோலில் மூன்று வருடத்தில் 35 போயிற்று. கூரையை மடக்கித் திறக்கும் கார்வெட் 1975இல் கடையில் இருந்தது. இன்னும் ஒரு வருடம் பார்ப்போம் என்றவருக்கு 1976இல் அதுவும் போய்விட்டது. திரும்பி வந்தது 1986இல். ஃபோர்டு முஸ்டாங்கின் கதையும் இதுவே. 1973 மாடலில் வி8 இருந்தது, 1974இல் வந்த முஸ்டாங் டூ அமெரிக்காவில் வி8 இல்லாமலே விற்கப்பட்டது. இந்தச் சக்திக் குறைவுக்குப் பெரிதும் காரணமான புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அவை தேவையானவை. அப்படிப்பட்ட விதிகள் எப்போதும் வரக்கூடியவை என்பதால்தான் அடுத்த வருடத்தைப் பொற்காலமாகக் காட்டுவது தவறு என்கிறேன்.

இவற்றையெல்லாம் விட அழுத்தமான சான்று 1983 கார்வெட். 1982 மாடல் மூன்றாம் தலைமுறையின் கடைசி வண்டி. வடிவம் பழையது, இன்ஜின் 200 குதிரைத்திறன், ஆட்டோமேட்டிக் கியர் மட்டுமே. அடுத்த வருடம் அடியோடு புதிய கார்வெட் வருகிறது என்று ஊரறியப் பேச்சு. பொறுத்திருப்பதற்கு இதைவிட நியாயமான சந்தர்ப்பம் அமையாது. ஆனால் 1983 மாடல் என்று ஒரு கார்வெட் விற்பனைக்கே வரவில்லை. சோதனைக்காகக் கட்டிய 43 வண்டிகளோடு அந்த மாடல் வருடம் முடிந்தது. அவற்றில் மிஞ்சிய ஒன்று பௌலிங் கிரீன் கார்வெட் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. புது வண்டி 1983 வசந்தத்தில், 1984 மாடல் என்ற பெயரில்தான் கடைக்கு வந்தது. கடைசியில் வந்துவிட்டதே, என்ன நஷ்டம் என்று கேட்கலாம். வந்த முதல் வண்டியும் முதல் வருட வண்டிதான் என்பதை மறக்க வேண்டாம். முதல் வருடத்தைத் தவிர்க்கச் சொல்லும் அதே அறிவுரைப்படி அதையும் விட்டு 1985க்கு நின்றிருக்க வேண்டும். 1982இல் கையில் பணத்தோடு கடைக்குப் போன மனிதரை வருடக்கணக்கில் கார் இல்லாமல் உட்கார வைக்கும் ஆலோசனையை விவேகம் என்று என்னால் அழைக்க முடியாது.

அதெல்லாம் பழங்கதை, இன்று நிலைமை வேறு என்பார்கள். இன்றைய நிலைமையையே பார்ப்போம். 2016 போர்ஷே கேமனில் டர்போ இல்லாத ஆறு சிலிண்டர் இன்ஜின், வேகம் ஏறும்போது தனக்கே உரிய குரலில் பாடும். 2017இல் 718 என்ற பெயரோடு வந்த கேமனில் நான்கு சிலிண்டர் டர்போ. தாளில் சக்தி கூடியது. அடிப்படை மாடல் 275இலிருந்து 300 ஆனது. போன குரல் போனதுதான். அந்த இழப்பை போர்ஷேயே ஒப்புக்கொண்டதைப்போல, 2020இல் ஜிடிஎஸ் 4.0 என்ற விலை கூடிய வகையில் ஆறு சிலிண்டரைத் திரும்பக் கொண்டுவந்தது. அடிப்படை மாடலுக்கு அது திரும்பவே இல்லை. 2019 கார்வெட்டில் ஏழு கியர் மேனுவல் பெட்டி கேட்டு வாங்கலாம். 2020இலிருந்து மேனுவல் கார்வெட்டே கிடையாது. ஐரோப்பாவில் 2024 கோடையோடு வழக்கமான 718 வகைகளின் விற்பனை நின்றது, இன்ஜினோடு சம்பந்தமே இல்லாத இணையப் பாதுகாப்பு விதி ஒன்றால். மற்ற நாடுகளுக்கான உற்பத்தியும் 2025இல் நின்றபோது அதன் மின்சார வாரிசு கடைக்கு வந்திருக்கவில்லை. ஆடி டிடி, ஆடி ஆர்8, செவ்ரலே கமாரோ, ஜாகுவார் எஃப்-டைப் எல்லாம் 2023, 2024 ஆண்டுகளுக்குள் உற்பத்தி நின்றுபோன வண்டிகள். லோட்டஸ் எலீஸ் 2021லேயே முடிந்தது. இவற்றின் அடுத்த மாடலுக்காக நின்றவர்கள் கண்டது பூட்டிய கதவை.

பொறுத்தால் விலை இறங்கும் என்ற காரணத்தை மறுக்க நிஸான் ஜிடி-ஆர் போதும். வருடந்தோறும் மெருகேற்றப்பட்ட வண்டி என்பதால் பொறுப்பவர்களுக்கு மிகப் பிடித்த உதாரணம் அது. 2009 மாடலாக அமெரிக்காவுக்கு வந்தபோது ஆரம்ப விலை 69,850 டாலர், சக்தி 480 குதிரைத்திறன். 2017 மாடலில் 565 குதிரைத்திறன், ஆரம்ப விலை 109,990 டாலர். பணவீக்கத்தைக் கழித்தாலும் ஏற்றம் மிகப் பெரிது. 2021 கார்வெட்டின் விலையோ அந்த மாடல் வருடத்தின் நடுவிலேயே 1,000 டாலர் ஏறியது. அடுத்த மாடல் அறிவிக்கப்பட்டதும் கடையில் நிற்கும் வண்டிக்குத் தள்ளுபடி கிடைக்கலாம், ஆனால் அந்தத் தள்ளுபடி இந்த வருட வண்டியை வாங்குபவருக்கே உரியது. மறுவிற்பனையில் முதல் வருட வண்டிக்கு மதிப்பில்லை என்பவருக்கு ஒரே பதில்: 1963 கார்வெட் ஸ்டிங் ரே கூபே. பின் கண்ணாடியை இரண்டாகப் பிரித்த அந்த அமைப்பு, பின்னால் பார்க்க இடைஞ்சல் என்று 1964இல் நீக்கப்பட்டது. இன்று சேகரிப்பவர்கள் தேடி அலைவது அந்த முதல் வருட வண்டியைத்தான்.

பொறுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அடுத்த மாடலைத் தயாரிப்பாளர் தாமே அறிவித்து, தேதியும் விலையும் சொல்லி, இல்லாமல் முடியாது என்று நீங்கள் கருதும் ஓர் அம்சம் அதில் இருந்தால் பொறுங்கள். மேனுவல் கியர் இல்லாமல் ஓட்டவே மாட்டேன் என்பவர் அந்த அறிவிப்பு வெளியான பிறகு 2023 சூப்ராவுக்கு நின்றது அப்படிப்பட்ட காத்திருப்பு. மற்றபடி, ஓட்டிப் பார்த்து மனதுக்குப் பிடித்த வண்டி, உங்களால் தர முடிந்த விலையில், இன்று கடையில் இருக்கிறது என்றால் அதை வாங்குவதுதான் அறிவு. காத்திருப்புக்கும் ஒரு விலை உண்டு: ஓட்டாமல் போன மாதங்கள், ஏறிப்போன விலைப்பட்டியல், மறைந்துபோகக்கூடிய இன்ஜின். இவற்றைக் கணக்கில் எழுதாத ஓர் அறிவுரையை நம்பி, கட்டிய முன்பணத்தைத் திரும்பக் கேட்காதீர்கள்.