எல்லைக்கல்லைத் தாண்டாத ஊர்

இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில் இருக்கிறது அந்தச் சின்னக் கிராமம். ஷெஃபீல்டிலிருந்து பேருந்தில் போனேன். எழுத்தைப் பார்த்தால் 'இயாம்' என்று படிக்கத் தோன்றும். ஊர்க்காரர்கள் சொல்வதோ 'ஈம்'. நம் காதில் ஈமச்சடங்கு என்றுதான் விழுகிறது. பொருத்தமான பெயர்தான்.

1665-இல் லண்டனில் பிளேக் பரவியிருந்தபோது, அங்கிருந்து இவ்வூர்த் தையற்காரருக்கு ஒரு துணிமூட்டை வந்தது. ஈரமாக இருக்கிறதே என்று உதவியாளர் ஜார்ஜ் விக்கர்ஸ் அதைக் கணப்பு அருகே காயப்போட்டார். துணியில் தெள்ளுப்பூச்சிகள். சில நாளிலேயே அவர் இறந்தார். 14 மாதங்களில் சுமார் 260 பேர் போய்விட்டார்கள்.

1666 ஜூனில் இளம் பாதிரியார் வில்லியம் மொம்பெசன், யாரும் ஊரைவிட்டு வெளியேற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர்மீது ஊருக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அதனால் பதவி இழந்திருந்த பழைய பாதிரியார் தாமஸ் ஸ்டான்லியையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். ஊர் கேட்டது. தம் பிள்ளைகளை மட்டும் மொம்பெசன் முன்பே வெளியூர் அனுப்பிவிட்டார். இதையும் சொல்லத்தானே வேண்டும்! உடன் தங்கிவிட்ட மனைவி கேத்தரின் ஆகஸ்டில் இறந்தார்.

தேவாலயத்தை ஒட்டிய வீடுகளின் முன்னால் பலகைகள். அந்தந்த வீட்டில் இறந்தவர்களின் பெயர்கள் வரிசையாக. உள்ளே இன்றும் குடும்பங்கள் வசிக்கின்றன, சன்னலில் பூந்தொட்டி. படம் எடுக்கக் கூச்சமாக இருந்தது.

ஊருக்கு வெளியே, வயல் நடுவே வட்டக் கற்சுவருக்குள் ரைலி கல்லறைகள். எலிசபெத் ஹான்காக் என்ற பெண் எட்டே நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தானே புதைத்த இடம். 2021-இல் ஈப்போவில் பெரியம்மா இறந்தபோது, மாநில எல்லையைக் கடக்க முடியாமல் கோலாலம்பூரில் உட்கார்ந்து, இறுதிச் சடங்கைக் கைப்பேசியில் பார்த்தேன். கொள்ளி வைக்கும் நேரத்தில் படம் உறைந்துவிட்டது. அந்தச் சுவரோரம் நிற்கையில் அதுதான் நினைவுக்கு வந்தது. நெடுநேரம் நகர முடியவில்லை.

பக்கத்து ஊர்ப் பாதையில் எல்லைக்கல் கிடக்கிறது. வெளியூரார் உணவை வைத்துவிட்டுப் போவார்கள். கல்லின் குழிகளில் வினிகர் ஊற்றி, அதில் காசு போட்டு வைப்பார்கள் இவ்வூரார். இன்று வருகிறவர்களும் அக்குழிகளில் சில்லறை போடுகிறார்கள். என் பையில் நம் ஊர் ஐம்பது காசு ஒன்றுதான் கிடைத்தது. போட்டுவிட்டுப் பேருந்துக்கு நடந்தேன்.