முதல் பாஞ்சோ எது? வாங்குவோர் கேட்க மறக்கும் கேள்விகள்

இந்தியாவில் ‘பாஞ்சோ’ என்னும் ஒரு பெயரை இரு வேறு கருவிகள் பகிர்ந்துகொள்கின்றன. முதலாவது, அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் தம் சுரைக்குடுக்கை யாழ்களின் நினைவிலிருந்து அமெரிக்க மண்ணில் உருவாக்கிய, பறைபோல் தோல் போர்த்திய தந்திக் கருவி. இரண்டாவது, மும்பையின் கணபதி ஊர்வலங்களில் முழங்குவது. வடக்கே புல்புல் தரங் என்றும் தமிழகத்தில் புல்புல்தாரா என்றும் வழங்குவது. இது நீள்பெட்டியின் மேல் தட்டச்சுப் பொறியைப் போலக் கட்டைகள் பொருத்தப்பட்ட கருவி. இவ்விரண்டுக்கும் உறவு பெயரளவில் மட்டுமே. பாஞ்சோ கற்க விரும்பும் இந்திய இளைஞர் இணையக் கடையில் தேடும்போது இரண்டும் அடுத்தடுத்து வந்து நிற்கின்றன. பெரும்பாலும் படத்தின் அழகே தேர்வை முடிவு செய்துவிடுகிறது. தவறு தொடங்கும் இடம் அதுதான்.

புல்புல்தாராவின் மூலம் ஜப்பானில் இருக்கிறது. 1912-இல் நகோயா நகரத்தின் மொரிதா கோரோ, இருதந்தி யாழ் ஒன்றோடு தட்டச்சுப் பொறியின் கட்டைகளை இணைத்துத் தைஷோகோதோவை உருவாக்கினார். அப்போது தொடங்கிய தைஷோ பேரரசர் காலத்தின் பெயரே கருவிக்கும் ஆயிற்று. பயிற்சி இல்லாதவரும் எளிதில் இசைக்க வேண்டும் என்பது அதன் அமைப்பிலேயே உள்ள நோக்கம். வணிக வழிகளில் தெற்காசியாவுக்கு வந்த அது, பலூச்சிஸ்தானத்தில் உருவில் பெருத்துப் பெஞ்சுவாகி நாட்டார் இசையின் தலைமைக் கருவிகளுள் ஒன்றாயிற்று. மும்பையில் மின்னிணைப்புப் பெற்று ‘பாஞ்சோ பார்ட்டி’களின் குரலாயிற்று. 2016-இல் அப்பெயரிலேயே ஓர் இந்தித் திரைப்படமும் வந்தது.

இத்தனை இருந்தும் இசையுலகின் மேல்தட்டில் இக்கருவிக்கு விளையாட்டுப் பொருளின் மதிப்பே கிடைக்கிறது. கமகத்துக்கு இடம் தராத நிலைத்த சுரங்கள் என்பது சொல்லப்படும் காரணம். காரணம் உண்மையே, தந்தியை இழைத்து சுரத்திலிருந்து சுரத்துக்குச் செல்வது கட்டைகளால் எளிதில் ஆகாது. ஆனால் இதே குற்றச்சாட்டின் பேரில்தான் 1940-இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கியது. அத்தடை 1971 வரை தளரவில்லை. அதற்கிடையிலும் கவாலியும் பஜனையும் நாடக மேடையும் ஆர்மோனியத்தைக் கைவிடவில்லை. கருவியின் எல்லையை அறிவது வேறு. அதை வாசிப்போரை எள்ளுவது வேறு. இரண்டாவதில் சாதியும் வர்க்கமும் தெருவும் கலந்திருக்கின்றன.

இந்த எள்ளலின் விளைவை முதலில் சுமப்பவர் தொடக்கநிலை மாணவரே. விளையாட்டுப் பொருள்தானே என்ற எண்ணத்தில் செய்பவர் அக்கறையின்றிச் செய்கிறார். விற்பவர் சுருதி சேர்க்காமல் விற்கிறார். பெற்றோர் விலை குறைந்ததை வாங்கித் தருகின்றனர். சுருதியில் நில்லாத கருவியோடு சில வாரங்கள் போராடிய பிள்ளை, பழுது பெட்டியில் இருப்பதை அறியாமல், தனக்குத்தான் இசைஞானம் இல்லை என்று முடிவு செய்துகொள்கிறது. அந்த முடிவு பலருக்கு ஆயுள் முழுதும் நிலைத்துவிடுகிறது. மலிவான கருவி உண்மையில் வாங்கும் விலை அதுதான்.

ஆகவே முதல் பாஞ்சோவைச் செவியாலும் விரலாலும் சோதித்தே பெற வேண்டும். சோதனைகள் எளியவை. கட்டை எதையும் அழுத்தாமல் தந்தியை மீட்டி, பின் வெள்ளையும் கறுப்புமாக எண்ணிப் பன்னிரண்டாவது கட்டையை அழுத்தி மீட்ட வேண்டும். கீழ்ச் சட்ஜமும் மேல் சட்ஜமும் இசைந்து ஒலித்தால் அளவு சரி. இசையாவிட்டால், குதிரையைச் சற்று நகர்த்திச் சரிசெய்ய முடிகிறதா என்று பார்க்கலாம். மெட்டுகளே இடம் தவறிப் பதிந்திருந்தால் அதற்கு மருந்தில்லை. அடுத்து, ஒவ்வொரு கட்டையும் அழுத்தியவுடன் இறங்கி, விட்டவுடன் எழ வேண்டும். தந்தி மெட்டுக்கு மேல் மிக உயரத்தில் நின்றால் அழுத்தும்போது இழுபட்டுச் சுருதி ஏறிவிடும். பிரடைகள் முறுக்கிய இடத்தில் நிற்கின்றனவா என்பதை அறியக் கடையிலேயே அரைமணி நேரம் வாசித்துப் பார்ப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

மெல்லிசைத் தந்திகள் மிகுதியாக இருப்பதைக் கடைக்காரர் சிறப்பாகச் சொல்வார். அவையெல்லாம் ஒரே சுருதியில் நின்றால்தான் சிறப்பு. ஒன்று பிசகினாலும் ஒலியில் அலைவு தோன்றும். சுருதி சேர்க்கப் பழகாத கைக்குத் தந்திகள் குறைந்த கருவியே நன்று. மின்னிணைப்பையும் பின்னர் பொருத்திக்கொள்ளலாம். பூவேலைப்பாட்டுக்குத் தரும் பணத்தை நல்ல தந்திகளுக்குத் தருவது மேல்.

அமெரிக்க ஐந்து தந்திப் பாஞ்சோவை விரும்புவோரைத் தடுக்க வேண்டியதில்லை. அதன் குட்டைத் தந்தி இடைவிடாது ஒலிப்பதில் தம்பூராவை அறிந்த செவிக்கு ஓர் உறவு தட்டுப்படவும் கூடும். எனினும் அதன் குதிரை ஒட்டப்படாமல் தோலின் மேல் நிற்பது. பயணத்தில் நகர்ந்தால் மீண்டும் அளந்து நிறுத்த வேண்டும். இயற்கைத் தோல் மழைக்காலத்தில் தளரும் என்பதால் இந்நாட்டுத் தட்பவெப்பத்துக்குச் செயற்கைத் தோலே ஏற்றது. இவற்றைச் சொல்லித்தர ஆள் அருகில் இல்லையெனில் காணொளிகளை மட்டுமே நம்ப வேண்டிவரும். புல்புல்தாராவுக்கோ, மும்பை போன்ற நகரங்களில் வாசிப்பவரும் பழுது பார்ப்பவரும் சில தெருக்களுக்குள் கிடைப்பர்.

தேர்வு செய்யும் வரிசை அதனால் தலைகீழாக வேண்டும். எந்தப் பாடலை வாசிக்க ஆசை என்பது முதற்கேள்வி; அதை அருகில் யார் வாசிக்கிறார் என்பது இரண்டாவது; கருவியும் விலையும் அதன் பின்னரே. ஊர்வலத்தில் வாசிக்கும் கலைஞர் ஒருவரை உடன் அழைத்துக் கடைக்குச் சென்று, அவர் நேரத்துக்கு உரிய ஊதியத்தையும் கொடுத்தால், வாங்குவோருக்கு நல்ல கருவி கிட்டும். விளையாட்டுப் பொருள் என்று எள்ளப்பட்ட கருவியின் வல்லுநருக்கு ஆசிரியர் என்ற மதிப்பும் கிட்டும்.